ஒரே தோல்வியில் முடியும் கல்லூரிக் கால்பந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து முடிவுகளை விளையாட்டுப் பக்கத்தில் தவறாமல் வெளியிடுகிறீர்கள். தோற்ற அணிக்கு அந்த ஆண்டின் கால்பந்தே அன்றோடு முடிந்துபோகிறது என்பதையும் ஒருமுறை எழுதினால் நல்லது.

தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் முறையின் கணக்கு எளிது. 16 அணி என்றால் மொத்தம் 15 ஆட்டம். முதல் சுற்றிலேயே 8 அணிகள் மூட்டை கட்டிவிடும். உத்தமபாளையத்திலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ விடிகாலை பஸ் ஏறி மதுரைக்கு வரும் பிள்ளைகள் 90 நிமிடம் ஆடிவிட்டு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். ஜெயிக்கிற அணிக்கு வேறு தொல்லை. கோப்பைக்கு 4 ஆட்டம். அதையும் அடுத்தடுத்த நாட்களில் வைத்துவிடுகிறார்கள். முழு ஆட்டம் ஆடிய கால் தேற 48 முதல் 72 மணி நேரம் வேண்டும். அரையிறுதியில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஆட்டக்காரருக்கு அந்தக் காயத்தில் பாதியைக் கொடுத்தது அட்டவணைதான்.

இதே 16 அணிகளைப் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகளாக நான்கு நான்காகப் பிரித்தால் ஒரு பிரிவுக்கு, ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றுடனும் ஆடும் 6 லீக் ஆட்டம். ஒரு சனிக்கிழமை, ஒரே மைதானம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்று சனிக்கிழமையில் லீக் முடிந்துவிடும். நான்காம் வாரம் பிரிவுகளில் முதலிடம் பெற்ற நான்கு அணிகளுக்கு அரையிறுதி, ஐந்தாம் வாரம் இறுதி. ஆகஸ்ட்டில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கும் நவம்பர் செமஸ்டர் தேர்வுக்கும் முன்பே கோப்பையைக் கொடுத்துவிடலாம். மொத்தம் 27 ஆட்டம். நாக்-அவுட்டைவிட 12 கூடுதல், நடுவர் படியும் கூடும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அணிக்கும் 3 ஆட்டம் உறுதி. பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பவர்களும் ஒரு பையனை மூன்று முறை பார்த்து முடிவு செய்யலாம். மாணவியர் பிரிவில் அணிகள் குறைவாக இருந்தால் எல்லோரும் எல்லோருடனும் ஆடிவிடலாம்.

அட்டவணை மாறும்வரை கல்லூரிகள் தங்கள் பக்கத்தில் சரிசெய்ய வேண்டியதும் நிறைய உண்டு. போட்டிக்குப் பத்து நாள் முன்பு அறிவிப்புப் பலகையில் செலக்‌ஷன் தேதி ஒட்டுவது பல இடங்களில் வழக்கம். பத்து நாளில் உடல் தயாராகாது. குறைந்தது 6 வாரம், முடிந்தால் 8. அதில் பாதி நாளை 'பத்து ரவுண்டு ஓடு' என்று கழிப்பதும் வீண். ஒரே சீராக ஓடும் ஆட்டம் இல்லையே இது. 30 மீட்டர் முழு வேகத்தில் ஓடி, நடந்து திரும்பி, மறுபடி ஓட வேண்டும். அப்படி 6 முறை, மூன்று நிமிடம் ஓய்வு, இன்னொரு 6. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்திருக்க வேண்டும். நம் அணிகளோ அந்த வாரத்தில்தான் காலை, மாலை இரண்டு வேளையும் பிழிந்தெடுப்பார்கள்.

பின்தொடைத் தசைக்கு ஒரு பயிற்சி உண்டு, சாமான் எதுவும் வேண்டாம். முழங்காலிட்டு நிற்பவரின் கணுக்காலை இன்னொருவர் அழுத்திப் பிடிக்க, இடுப்பை மடக்காமல் உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்க வேண்டும்; தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரம் 5 தடவை வீதம் 2 சுற்று, நான்காம் வாரத்துக்குள் 8 முதல் 10 தடவை வீதம் 3 சுற்று. முதல் வாரம் தொடை வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. பயிற்சி முடிந்த பிறகு செய்ய வைத்தால் அன்றைய ஓட்டம் கெடாது.

இங்கே பெரும்பாலும் செம்மண் கட்டாந்தரை. ஆடி மாதத்தில் சிமென்ட் தளம் மாதிரி இருக்கும். அதில் நீளமான ஸ்டட் (அடிப்பக்கக் குமிழ்) உள்ள பூட்ஸ் போட்டால் ஸ்டட் மண்ணில் இறங்காது. பாதம் ஒரு பக்கம் வழுக்க, கணுக்கால் பிசகும். குட்டை ரப்பர் ஸ்டட் பல உள்ள பூட்ஸே சரி. முந்தின நாள் மாலை கோல் பகுதிக்கும் நடுவட்டத்துக்கும் மட்டுமாவது தண்ணீர் தெளித்து, காலையில் கல் பொறுக்க வேண்டும். 5-ஆம் எண் பந்துக்குச் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். கெட்டித் தரையில் 9-ஐ ஒட்டி வைத்தால் பந்து தலைக்கு மேல் துள்ளாது. ஊசியை ஈரமாக்காமல் குத்தினால் வால்வு போய்விடும்.

டாஸ் ஜெயித்தால் பக்கத்தைக் கேளுங்கள். ஆடிக் காற்று பொழுது ஏற ஏற வலுக்கும். காலை 8.30 ஆட்டமென்றால் முதல் பாதியை எதிர்க்காற்றில் ஆடிவிடுவது மேல்.

அடிபட்டவுடன் சுளுக்கு எடுக்கிறவரிடம் அழைத்துப்போய் எண்ணெய் போட்டு நீவுவது இன்னும் நடக்கிறது. முதல் 48 மணி நேரம் நீவக்கூடாது. உள்ளே கசிவும் வீக்கமும் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், பிறகு இறுக்கமான கட்டு, காலை உயர்த்தி வைத்தல். நான்கு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும். தலையில் அடிபட்டுத் தடுமாறுகிறவரை, கோல்கீப்பரானாலும், அன்று மறுபடி இறக்கக்கூடாது.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: ஆட்டத்துக்கு முந்தின இரவு பரோட்டா-சால்னா வேண்டாம் (மதுரையில் இதைச் சொல்வது கஷ்டம்தான்). சோறு, பருப்பு, முட்டை போதும். காலையில் இரண்டு மணி நேரம் முன்பே இட்லி. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும்.

கடைசியாக ஓ.டி. (ஆடப்போன நாளையும் வருகையாகக் கணக்கிடும் 'ஆன் டியூட்டி') விஷயம். ஆடப்போன நாளுக்கு வருகைப்பதிவு கிடைக்காமலும், உள்மதிப்பீட்டுத் தேர்வு அதே நாளில் விழுந்தும் நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டாம் ஆண்டிலேயே பூட்ஸைக் கழற்றிவிடுகிறார்கள். போட்டித் தேதிகள் ஜூலை முதல் வாரத்திலேயே கல்லூரிகளுக்கு வந்துவிட்டால், தேர்வு அட்டவணையை அதற்கேற்பப் போடத் துறைத் தலைவர்களுக்குத் தடையிருக்காது.

இங்ஙனம்,
கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் இருவர்,
மதுரை.