அறுகம்புல் தந்த ஆயாவுக்கும் உடன் நின்ற உங்கள் அனைவருக்கும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் எங்களுக்குத் துணை நின்ற அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் வளரும், முயலைப் போலப் புல் மேயும் சிறு பிராணிகளான ஏழு கினிப்பன்றிகளும் இப்போது ஒரே தடுப்புக்குள், ஒரே கூட்டமாக வாழ்கின்றன. இரவில் அவற்றைப் பிரித்து வைப்பதில்லை. சண்டை வந்தால் விலக்கிவிட, பகலில் யாரும் துண்டும் கையுமாகக் காவல் உட்காருவதில்லை. இதை ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் சொல்லத் தொடங்கினாலே தொண்டை அடைத்துக்கொள்வதால் மடலாக எழுதுகிறேன். அவை எங்களிடம் எப்படி வந்தன, எந்த நிலையில் வந்தன, தொடக்கத்து இரவுகள் எப்படிக் கழிந்தன என்பதெல்லாம் கூடவே இருந்து பார்த்த உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றை மீண்டும் விவரிக்கப் போவதில்லை.

தனித்தனிக் கூண்டில் விட்டுவிட்டால் சண்டையே இராதே என்று அக்கறையோடு சொன்னவர்களும் உங்களில் உண்டு. அந்த அக்கறைக்கு நன்றி சொல்வதோடு, அதை நாங்கள் ஏன் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் பழக்கிய உயிர் கினிப்பன்றி. கூட்டத்தோடு மேய்வதும், ஒன்று அஞ்சிக் குரல் கொடுத்தால் மற்றவை ஓடி ஒளிவதும், வெயில் தாழ்ந்ததும் ஒன்றையொன்று அழைப்பதும் அதன் பிறவிக் குணங்கள். சுவிட்சர்லாந்தில் 2008-ஆம் ஆண்டு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் ஒரே ஒரு கினிப்பன்றியைத் தனியே வளர்ப்பதைத் தடை செய்கின்றன என்றால், தனிமை அதற்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது விளங்கும். ஏழில் ஒன்றான முந்திரி, வந்த புதிதில் சுவரைப் பார்த்தபடியே மூலையில் உட்கார்ந்திருந்ததை நேரில் கண்ட எவரும், அதை மறுபடியும் தனியே விடுங்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

இனி இந்த மடலின் பெரும்பகுதி ஒருவருக்கே உரியது. மணக்குள விநாயகர் கோயிலுக்கு அருகே அறுகம்புல் மாலை கட்டி விற்கும் ஆயாவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அவரை நான் எப்போதும் அழைப்பது போல இங்கும் ஆயா என்றே எழுதுகிறேன்.

கினிப்பன்றியின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை ஓயாமல் மென்றால்தான் அவை தேயும், வயிறும் ஒழுங்காக இயங்கும். வெளிநாட்டிலிருந்து வரும் காய்ந்த திமோத்திப் புல்லை ஏழுக்கும் வாங்கிப் போட எங்கள் வருமானம் இடம் தரவில்லை. வைக்கோலோ அவற்றுக்கு முரடு. ஆகவே, மாலை கட்டியது போக மிஞ்சும் அறுகம்புல்லை விலைக்குத் தருவாரா என்று கேட்கத்தான் ஆயாவிடம் போனேன். எதற்கு என்று விசாரித்தார், சொன்னேன். விலை எதுவும் சொல்லாமல், ஈரத்துணியில் சுற்றிக் கூடையின் அடியில் வைத்திருந்த கட்டை எடுத்து என் பையில் போட்டார். "புள்ளையாருக்குன்னா காசு வாங்குவேன் கண்ணு, வாயில்லா ஜீவனுக்கு என்னா காசு" என்றார்.

அந்தக் கொடை அன்றோடு நிற்கவில்லை. அடுத்த நாள் முதல் எங்களுக்கென்று ஒரு கட்டு தனியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அதில் வேரும் மண்ணும் கிள்ளி நீக்கப்பட்டிருக்கும். மருந்தடித்த புல் இந்தச் சின்ன உயிர்களுக்கு ஆகாது என்று நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு, வழக்கமாக அறுக்கும் வயல் வரப்பை விட்டுவிட்டுப் பாகூர் ஏரிக்கரைப் பக்கம் நடந்துபோய் எங்களுக்கான புல்லை அறுத்து வந்திருக்கிறார். இதை அவர் வாய் திறந்து சொல்லவே இல்லை. அவரோடு பேருந்தில் வரும் பூக்கார அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஏற்கெனவே கோழி கூவும் முன் எழுந்து முதல் பேருந்தைப் பிடிக்கும் அந்த வயதான பெண்மணி, தாம் கண்ணால் பார்த்திராத ஏழு பிராணிகளுக்காக இன்னும் முன்னதாக எழுந்திருக்கிறார். இன்றைய நாளில் ஒரு கூடை புல் விற்றால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தக் கட்டின் எடை புரியும்.

புல்லோடு சேர்த்து அவர் ஒரு யோசனையும் தந்தார். அவர் வீட்டில் ஆடுகள் உண்டு. ஏழையும் ஒன்றாக விடும் நாள் நெருங்குகிறது என்று நான் கலங்கிப்போய்ச் சொன்னபோது, பூத்தொடுக்கும் நாரைப் பல்லில் கடித்தபடியே அவர் சொன்னது இது: "ஒரே எடத்துல கொட்டாத கண்ணு. ஆட்டுக்கே தழைய நாலு பக்கம் கட்டுனாத்தான் முட்டிக்காம திங்கும். எங்க திரும்புனாலும் அதுங்க கண்ணுல புல்லு படணும்." கினிப்பன்றிகளைக் கூட்டமாக வளர்ப்பவர்கள் உலகெங்கும் வற்புறுத்துவதும் இதைத்தான். உணவையும் தண்ணீரையும் ஓரிடத்தில் வைத்தால் வலியது அதை மறித்துக்கொள்ளும். பல இடங்களில் பரப்பினால் மறிப்பதற்கு எதுவும் இராது. ஒளியும் பெட்டிக்கு ஒரே வாசல் இருந்தால் துரத்தப்பட்டது உள்ளே மாட்டிக்கொண்டு, வேறு வழியின்றித் திருப்பிக் கடிக்கும் என்பதும் இதே கணக்குதான். ஆயா இதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, தம் தொழுவத்தில் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார்.

ஏழையும் ஒன்றாக விட்ட அறிமுக நாளன்று, எந்தப் பிராணியின் மணமும் படியாத இடம் வேண்டும் என்பதால், தெருக்கோடி வீட்டினர் தங்கள் முற்றத்தைக் கழுவிக் கொடுத்திருந்தார்கள். வியாபாரத்தை முன்னதாகவே முடித்துக்கொண்டு ஆயாவும் அங்கே வந்து சேர்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து என் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். மிளகு இடுப்பை ஆட்டி ஆட்டி, உறுமிக்கொண்டே மற்றவற்றைச் சுற்றி வந்தது. பெண் கினிப்பன்றிகள் இரண்டு எதிரெதிரே தலையை உயர்த்தி, வாயைப் பெரிதாகத் திறந்து பல்லைக் காட்டின. கடுகின் முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. பற்களை நறநறக்கும் ஓசை கேட்டபோதெல்லாம் என் கை துண்டை நோக்கிப் போனது. யார் பெரியவர் என்பதை அவை தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் முறை இது, ரத்தம் வராதவரையிலும் இரண்டும் உருண்டையாகக் கட்டிப் புரளாதவரையிலும் பிரிக்கக் கூடாது, பிரித்தால் அடுத்த முறை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அறிவுக்குத் தெரிந்தது நெஞ்சுக்கு எட்டவில்லை. ஆயா துண்டின் மேல் தம் கையை வைத்து அழுத்தி, "பொறு கண்ணு, அதுங்க பேசி முடிக்கட்டும்" என்றார். பிறகு மடியிலிருந்த புல்லை எழுந்து நின்று முற்றம் முழுக்கத் தூவினார்.

ஒவ்வொன்றாகத் தலை குனிந்து மேயத் தொடங்கின. அதன் பிறகும் துரத்தலும் உறுமலும் இருந்தன. சில நாள்கள் வரை நீடித்தன. ஆனால் ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்த முந்திரி, கடுகின் பக்கத்தில் உடம்பு உரச உட்கார்ந்து அதே புல்லின் மறுநுனியைக் கடித்ததைப் பார்த்து நானும் என் கணவரும் அழுதோம். அவ்வளவு நாளாக அதன் குரலைக் கேட்டிராத எங்களுக்கு, அந்த வாரத்திலேயே அது மற்றவற்றோடு சேர்ந்து கீச்சிட்டுக் காலை உணவு கேட்டது இன்னும் நம்ப முடியாத ஒன்றாக இருக்கிறது.

மற்ற அனைவரையும் ஒரே பத்தியில் அடக்குவதை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். எங்களிடம் வந்தவற்றுள் ஆண் கினிப்பன்றிகள் இரண்டுக்கும் கருத்தடை அறுவை செய்து, அதன் பிறகும் ஆறு வாரம் பெண்களோடு சேர்க்காமல் வைத்திருக்கச் சொல்லி, இரவில் கூப்பிட்டபோதும் பதில் சொன்ன கால்நடை மருத்துவர். அந்த ஆறு வாரமும் அவற்றைத் தம் வீட்டில் தனித்தனியே வைத்துப் பார்த்துக்கொண்டதோடு, பெண்கள் இருக்கும் கூட்டத்தில் இரண்டு ஆண்கள் ஒத்துப்போவது கடினம் என்பதால் இந்த ஏழில் சேராத ஒன்றைத் தம்மிடமிருந்த இரு பெண் கினிப்பன்றிகளோடு நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்ட கடலூர் மஞ்சக்குப்பத்து நண்பர் குடும்பம். பழைய மரப்பெட்டிகள் ஒவ்வொன்றிலும் இரண்டாவது வாசலை அறுத்து, சிராய் குத்தாமல் தேய்த்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்த முதலியார்பேட்டைத் தச்சர். வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும் இவற்றுக்காக, அக்கினி நட்சத்திரத்தில் தங்கள் குளிர்பெட்டியில் தண்ணீர்ப் புட்டிகளை உறையவைத்து முறை போட்டுக் கொண்டுவந்த மாடி வீட்டுப் பிள்ளைகள். நம்மைப் போலவே இவற்றின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்காது என்று கேள்விப்பட்டதும், தோட்டத்து நெல்லிக்காயை அனுப்பிக்கொண்டே இருந்த என் அத்தை. உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

ஆயாவுக்குப் பணம் கொடுக்க நான் முயன்றபோதெல்லாம் அவர் கையை விலக்கிவிட்டார். கடைசியில் அவரே ஒன்று கேட்டார்: தம் வீட்டு மல்லிகைச் செடிகளுக்குப் போட இவற்றின் புழுக்கை வேண்டுமாம். அவரிடம் கொடுக்க எங்களிடமும் ஒன்று இருக்கிறது என்று அறிந்ததில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. வாரந்தோறும் அதைக் காயவைத்துப் பையில் கட்டிக் கொடுக்கிறோம். இந்த ஏழும் உயிரோடு இருக்கும் வரை அது தவறாது.

இன்னொரு உறுதியும் எடுத்திருக்கிறோம். இந்த ஏழில் ஒன்று காலமானாலும், எஞ்சியவற்றுள் எதுவும் துணையின்றி விடப்படாது. புதுச்சேரியிலோ கடலூரிலோ யாருடைய வீட்டிலாவது ஒற்றைக் கினிப்பன்றி இருந்து, அதற்குத் துணை சேர்க்க இடமோ துணிவோ போதவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள். தெருக்கோடி வீட்டினர் தங்கள் முற்றத்தை அதற்காக எப்போதும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரு வாசல் பெட்டிகளும் தடுப்புப் பலகைகளும் எங்கள் தாழ்வாரத்தில் இருக்கின்றன. பிரிக்கத் துடிக்கும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் நான் உடன் உட்காருவேன்.

நன்றியுடன்,
முந்திரி, மிளகு, கடுகு உள்ளிட்ட எழுவரின் வீட்டார்,
புதுச்சேரி.