நீல நிறச் சட்டைத் தம்பிக்கு

போன ஞாயிறு மாலைக் காட்சி, மதுரை. அப்பாவுக்கு 74 வயது, மூட்டு வலி. ஆன்லைனில் புக் செய்தபோது கடைசி வரிசைதான் கிடைத்தது. உள்ளே நுழைவதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். படியோரம் எரிய வேண்டிய சிறு விளக்குகளில் பாதி எரியவில்லை. நான்கு படி ஏறியதும் அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அப்போது நீங்கள் எழுந்து வந்தீர்கள். யார் கண்ணிலும் படாதபடி செல்போன் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தீர்கள். "ஐயா, நீங்க இங்கயே உக்காருங்க, நான் மேல போயிக்கிறேன்" என்று உங்களுடைய ஓரத்து சீட்டைக் கொடுத்தீர்கள். உங்கள் நண்பரும் மறுபேச்சில்லாமல் எழுந்துகொண்டார். நல்ல சீட்டை விட்டுவிட்டு மூலையில் போய் உட்காருவது சின்ன விஷயமில்லை, தம்பி.

அப்பா அந்தக் காலத்துத் தங்கம் தியேட்டர் ரசிகர். 1952-ல் திறந்த, 2,500-க்கு மேல் இருக்கைகள் இருந்த அரங்கம். அங்கே கூட்டத்தில் முண்டியடித்து டிக்கெட் எடுத்த கதையை இன்றும் சொல்வார். அது போனபிறகு தியேட்டர் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார். அன்று இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே, முதல் விசிலை யார் அடித்தது என்று கேட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

படம் முடிந்ததும் உங்களைத் தேடினோம், காணவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ரொம்ப நன்றி, தம்பி. அடுத்த படத்துக்கு எப்போது போகலாம் என்று அப்பா கேட்கிறார்.