மிச்சிகன்கார நண்பனுக்கு

கொலம்பஸ், ஒஹாயோ
பிப்ரவரி 2026

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம். பனி அள்ளி அள்ளி இடுப்பு விட்டுப்போயிற்று. "ஆள் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறாள் மீனா. வாசல் பனிக்கு ஆள் வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்.

சரி, சண்டைக்கு வருகிறேன். கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் பட்டம் யாருக்கு என்று தீர்மானிக்கும் கடைசிக்கட்டப் போட்டியான பிளேஆஃபில் 24 அணிகள் வேண்டும் என்று, நம் இருவர் அணியும் இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) கேட்பது நியாயம் என்கிறாய். தெற்கத்திக் கான்ஃபரன்ஸான எஸ்இசி 16 என்று பிடித்த பிடியை விடாததால் இந்த வருஷமும் 12தான் என்று ஆனதே, அதில் எனக்கு உள்ளூர சந்தோஷம்.

"4 அணி இருந்தபோது கத்தியவன் நீதானே" என்று குத்தியிருக்கிறாய். ஆமாம், கத்தினேன். 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டத்தில் 13ஐயும் ஜெயித்து, கான்ஃபரன்ஸ் பட்டமும் வாங்கிவிட்டு நின்றது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குக் காலில் அடி என்று தேர்வுக் கமிட்டி அதை ஒதுக்கி, ஒரு தோல்வி கண்ட அலபாமாவைச் சேர்த்தது. தோற்காதவனையே வாசலில் நிறுத்தினால் அது என்ன போட்டி? அதனால்தான் 12 ஆனபோது கைதட்டினேன்.

அதன் முதல் பலனைத் தின்றதும் எங்கள் ஊர் ஒஹாயோ ஸ்டேட்தான். 2024 நவம்பர் 30, உனக்கு மறக்குமா? உங்கள் மிச்சிகன் எங்களை 13-10 என்று வென்றது. உங்கள் பையன்கள் எங்கள் மைதானத்து நடுவில் கொடி நடப்போய்க் கைகலப்பே ஆயிற்று. பழைய கணக்குப்படி அன்றோடு எங்கள் கதை முடிந்தது. ஆனால் 12 அணிகளில் 8ஆம் இடத்தில் உள்ளே நுழைந்து டென்னசி, ஓரிகன், டெக்சஸ், நோட்டர் டேம் என்று வரிசையாகச் சாய்த்துப் பட்டமும் வாங்கினோம். நானும் ஆடித் தீர்த்தேன்.

ஆனால் போன நவம்பரில் உங்கள் மைதானம் இருக்கும் ஆன் ஆர்பரில் உங்களை 27-9 என்று வென்றபோது என் மகன், "தோற்றிருந்தாலும் உள்ளே போயிருப்போம்பா" என்றான். சுருக்கென்றது. நமக்குள் நடக்கும் அந்த ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருந்த ஊர் இது. 24 ஆனால் மூன்று ஆட்டம் தோற்றாலும் பாதகமில்லை. முக்கிய ஆட்டக்காரர்களுக்கு அன்றைக்கு ஓய்வு கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

"மயாமியைப் பார்" என்பாய். பார்த்தேன்! 10ஆம் இடத்தில் வந்து, வழியில் எங்களையும் 24-14 என்று தட்டிவிட்டு, இண்டியானாவோடு இறுதி ஆட்டம் வரை போனது. அதே 10 வெற்றி, 2 தோல்விக் கணக்கோடு நோட்டர் டேம் வெளியே நின்று புலம்பியது. நீ 24 ஆக்கினால் 25ஆவது அணி புலம்பும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எண்ணிக்கையை விடு. முதல் சுற்றைப் போலவே காலிறுதியையும் கல்லூரி மைதானங்களுக்குக் கொண்டுவரட்டும். இங்கே நடந்த அந்த முதல் சுற்று டென்னசி ஆட்டத்துக்கு நேரில் போயிருந்தேன். உறையும் குளிர், எங்கு பார்த்தாலும் டென்னசிக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைக் கூட்டம், வாயைத் திறந்தால் புகை. அப்படி ஓர் இரவு வாழ்நாளில் கண்டதில்லை. அடுத்த ஆட்டமான காலிறுதி கலிஃபோர்னியாவில். விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு டிவி முன் உட்கார்ந்துவிட்டேன். முதல் சுற்று இல்லாமல் நேராகக் காலிறுதிக்குப் போன அணிகள் இந்த இரண்டு வருஷத்தில் எட்டு. அந்தக் காலிறுதியில் ஜெயித்தது இண்டியானா ஒன்றுதான். சீசன் முழுக்க உழைத்தவனுக்குப் பரிசு மூன்று வாரச் சும்மா இருப்பு! சொந்த ஊரில் ஓர் ஆட்டம் கொடுத்துப் பார்க்கட்டும், நவம்பருக்குத் தானாக மதிப்பு வரும்.

இந்த வருஷம் நம் ஆட்டம் கொலம்பஸில். ஹோட்டல் எல்லாம் வேண்டாம், வீட்டிலேயே வந்து தங்கு. மீனா வத்தக்குழம்பு வைக்கிறாளாம். கொடியை மட்டும் ஆன் ஆர்பரிலேயே விட்டுவிட்டு வா.

அன்புடன்,
ரகு