என் படியை எனக்கு அளந்து

அன்பு மகளுக்கு,

கர்த்தருக்குள் அப்பா அம்மாவின் அன்பின் வாழ்த்துதல். தேவனுடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகமாயிருக்கிறோம். உன் கடிதத்தை அம்மா இரண்டு முறை வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் கையில் தந்தாள். பர்மிங்ஹாமில் சொந்த வீடு, நிரந்தரமாகத் தங்கும் உரிமை, மருத்துவமனையில் நல்ல பெயர் என்று 11 வருடங்களில் நீ உழைத்துச் சேர்த்தவற்றை வரிசையாய் எழுதிவிட்டு, இரவுப் பணி முடிந்து காரில் உட்கார்ந்தால் சாவியைத் திருப்பக் கை எழாமல் ‘இதெல்லாம் எதற்காக’ என்ற கேள்விதான் வருகிறது என்று முடித்திருந்தாய். வார்டு பொறுப்பாளர் பதவியை ஏற்பதா, பயிற்சிச் செவிலியருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போவதா என்பதில் ஆண்டவருடைய சித்தம் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். இவற்றை நீ இரண்டு கேள்விகளாகக் கேட்டாலும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. மனம் நிறையாத நாட்களில் வழியும் தெரியாது என்பதை நான் பட்டு அறிந்தவன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லுகிறேன். நீ கைக்குழந்தையாயிருந்தபோது, நான் வேலை பார்த்த பள்ளியில் தலைமையாசிரியர் இடம் காலியாயிற்று. பணி மூப்பின்படி அது எனக்கு வரவேண்டியது. ஊரிலும் எல்லாரும் அப்படியே பேசிக்கொண்டார்கள். ஆனால் அது வேறொருவருக்குப் போயிற்று, எனக்கோ அந்த ஜூன் மாதத்தில் ஒன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். மூன்று வருடங்கள் நான் அந்தக் கசப்போடு வாழ்ந்தேன். ஞாயிறுதோறும் ஆராதனையில் பாமாலை பாடினேன், காணிக்கை போட்டேன், இரவில் குடும்ப ஜெபம் நடத்தினேன். ஆனாலும் முழங்காலில் நிற்கும்போதும் அந்த நாற்காலிதான் என் கண்முன் நின்றது. அந்த நாட்களில் நானும் உன்னைப்போலவே, வேலையை விட்டுவிடலாமா, வளைகுடாவுக்குப் போகலாமா என்று வழிகாட்டக் கேட்டுக் கேட்டு ஜெபித்தேன். ஒரு பதிலும் வரவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், நான் வழி கேட்கவே இல்லை, எனக்குச் சேரவேண்டியதாக நான் கணக்கிட்டதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று விளங்குகிறது.

உன் ஆச்சியை உனக்கு நினைவிருக்கும். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிப்பானையில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய காலமுதல் நம் பக்கத்துச் சபைகளில் ஊழியத்துக்கென்று கொடுத்துப் பழகியவர்களின் வழியில் வந்தவள் அவள். பனையேறிய குடும்பம், பதநீர் இறங்காத மாதங்களில் அந்த வீட்டில் அரிசியே அருமை. அப்படியிருந்தும் அவள் படியை அரிசியில் அமிழ்த்தி எடுக்கும்போதெல்லாம் நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்து ஜெபத்தை முணுமுணுப்பாள்: “தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக… என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்.” படி என்று அந்த வசனத்தில் வருவது அடுக்களையில் இருக்கும் அளக்கும் படிதான் என்று சிறுவயதில் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அந்த மூன்றாம் வருடத்தில் ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். கண்ணீர் விடாமல் அவன் பள்ளிக்கு வந்த நாளே கிடையாது. மணலைத் தட்டில் பரப்பி அவன் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைக்க ஐந்து வாரம் ஆயிற்று. ஒரு நாள் காலையில் என் கை இல்லாமலே எழுதிவிட்டு, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மணல் கலைந்துவிடாதபடி அடிமேல் அடி வைத்து என் மேசைக்கு வந்தான். அன்று இரவு ஜெபத்தில் அந்த நாற்காலியின் நினைவு வரவில்லை. ஆச்சியின் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே நான் அடுத்தவனுடைய படியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கென்று அளந்து வைத்தது மணல்தட்டோடு என்னிடம் நடந்து வந்தும் அதை அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறேன். ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டதென்று சொல்லமாட்டேன். கசப்பு பிறகும் பலமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அந்தத் தலைமையாசிரியர் பதவி எனக்குக் கடைசிவரை வரவுமில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்பைத் தாருங்கள் என்று நானே கேட்டு வாங்கி, ஓய்வு பெறும் நாள்வரை அதிலேயே இருந்தேன்.

“நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்” என்று பவுல் அப்போஸ்தலன் பிலிப்பி சபைக்கு எழுதுகிறார். பள்ளிக்கூடத்திலேயே வாழ்ந்து தீர்த்த எனக்கு அந்தக் ‘கற்றுக்கொண்டேன்’ என்ற சொல்லின்மேல் தனிப் பிரியம் உண்டு. மனநிறைவு அவருக்குப் பிறவியிலேயே வந்த குணமாயிருந்தால், காவலில் கட்டுண்டிருந்து எழுதும் நிருபத்தில் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை.

அந்தப் பிலிப்பிக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதையும் பார். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில், ஆசியா என்னும் ரோம மாகாணத்தில் வசனத்தைச் சொல்லப் புறப்பட்டவரை ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதற்கும் இடங்கொடுக்கவில்லை. இரண்டு கதவுகள் அடைபட்ட பிறகு துரோவா என்னும் கடற்கரைப் பட்டணத்தில் வந்து நிற்கும்போதுதான், பிலிப்பி இருக்கும் மக்கெதோனியா நாட்டிலிருந்து ஒருவன் கூப்பிடுகிற தரிசனம் வருகிறது. அவ்வளவு தெளிவாய் அழைக்கப்பட்டுப் போன ஊரிலும் பிரம்படியும், சிறையில் காலை மாட்டிவைக்கும் தொழுமரமும்தான் கிடைத்தன. ஆகவே, கதவு அடைபட்டதால் ஆண்டவர் கைவிட்டார் என்றோ, துன்பம் வந்ததால் தவறான வழியில் வந்துவிட்டோம் என்றோ நீ முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொன்று. உன் வார்டில் ஆள் குறைவாயிருப்பதால் கூடுதல் நேரம் வேலை செய்தும் அதற்குரிய சம்பளம் வருவதில்லை என்றும், கேட்டால் கிறிஸ்தவப் பொறுமைக்கு இழுக்காகுமோ என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். அந்தச் சம்பளத்தைக் கேள், மகளே. நள்ளிரவில் காலில் தொழுமரத்தோடு பாடிய அதே பவுல், மறுநாள் அதிகாரிகள் இரகசியமாய் விடுதலை செய்யப் பார்த்தபோது, விசாரிக்காமலே ரோமக் குடியுரிமையுள்ளவர்களை வெளியரங்கமாய் அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே அழைத்துப்போகட்டும் என்று நின்றார், அவர்களும் வந்தார்கள். போதுமென்ற மனம் என்று சொல்லி உழைக்கிறவர்களின் வாயை அடைப்பதை என் காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன், வேதத்தில் அதற்கு ஆதாரம் இல்லை.

சித்தம் அறிவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். நான் சிறுவனாயிருந்தபோது என் தகப்பனாரோடு தேரி என்னும் செம்மணல் காட்டைக் கடந்து மெய்ஞ்ஞானபுரத்துக்கு நடப்பேன். செம்மணலில் பாதை நிலைக்காது. நேற்றைய கால்தடம் இன்றைய காற்றில் போய்விடும். 190 அடிக்கு மேல் உயர்ந்த அந்தக் கோயில் கோபுரம் மட்டும் தூரத்தில் தெரியும். மணல்மேட்டின் பள்ளத்தில் இறங்கினால் அதுவும் மறைந்துவிடும். நான் பயந்து நின்றுவிடுவேன். அப்பா, “நிக்காத, மேட்டுல ஏறு, தெரியும்” என்பார். நீ புத்தாண்டு இரவில் எடுத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையில் எந்த வேலை என்று தேடியதாக எழுதியிருக்கிறாய். அந்த அட்டையைச் சீட்டுக் குலுக்குவதுபோல் ஆக்காதே. இரண்டு வேலைகளும் நல்ல வேலைகளே. எதில் உன் கை பிறருக்கு அதிகம் பயன்படும், எந்த வேலைக்குப் பிறகு உனக்கு ஜெபிக்க முடிகிறது என்று உன் சபைக் குருவானவரிடமும் உன்னை நன்றாய் அறிந்த இரண்டு பேரிடமும் பேசிவிட்டு, ஒன்றைத் தெரிந்துகொண்டு நட.

பின்னாளில் பேராயரான, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் பெறாமல் வெளியே வந்தவர். பல ஊர்களைச் சுற்றிப் பொறுப்புள்ள ஊழியத்தில் இருந்தவர், 1909இல், ஏறக்குறைய உன் வயதில், அதை விட்டுவிட்டுத் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போய்ப் புது மொழியில் ஊழியத்தைத் தொடங்கினார். 35 வயதில் திசை மாறுவது தாமதம் என்று நீ எழுதிய வரியைப் படித்தபோது அவர்தான் நினைவுக்கு வந்தார்.

உனக்கு இரவுப் பணி முடியும் நேரம் இங்கே நண்பகல். நாளை முதல் அந்த வேளையில் நானும் அம்மாவும் அப்போஸ்தலர் 16ஐக் கொஞ்சங்கொஞ்சமாய் வாசிக்கப்போகிறோம். நீயும் காரில் சாவியைத் திருப்புமுன் சில வசனங்களை வாசி. பிறகு அந்த இரவில் உன் படியில் ஆண்டவர் அளந்து போட்டது என்ன என்று ஒரே ஒரு வரி எனக்கு எழுதி அனுப்பு. ஒரு நோயாளியின் பெயர்கூட வேண்டாம், அவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன் என்றிருந்தாலும் போதும். அடுத்த மாதம் ஊரிலிருந்து ஒருவர் அங்கே வருகிறார். அம்மா உடன்குடிக் கருப்பட்டி கட்டி வைத்திருக்கிறாள்.

உனக்காக ஜெபிக்கும்,
அப்பா