மழைக்காலத்தில் வெளிச்சுவருக்கு மருந்து அடிப்பதை நிறுத்துகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை வட்டாரத்தில் எங்களிடம் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் வைத்திருக்கும் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறோம். வரும் அக்டோபர் முதல் டிசம்பர் முடிய, வெளிச்சுவர், போர்டிகோ, பக்கவாட்டுச் சந்து, மொட்டை மாடி ஆகிய இடங்களில் மருந்து தெளிக்கும் வேலையை நாங்கள் செய்யப்போவதில்லை. வீட்டுக்குள் செய்யும் வேலைகள் வழக்கம்போல் நடக்கும். மழை தொடங்கும் நேரத்தில்தான் எறும்பும் மரவட்டையும் ஈசலும் வீட்டைத் தேடி வருகின்றன. அப்போதுதான் நீங்களும் எங்களை அழைக்கிறீர்கள். ஆகவே இந்த முடிவுக்கான காரணத்தை முழுமையாகச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

சென்ற ஆண்டு ஐப்பசியில், ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் போர்டிகோவிலும் சந்திலும் எங்கள் ஆட்கள் காலை பத்து மணிக்குச் சிவப்பெறும்புக்கு மருந்து அடித்தார்கள். இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மறந்து வைத்துவிட்ட சாமான் ஒன்றை எடுக்கப் போயிருந்த நான், மழை விடட்டும் என்று அங்கேயே நின்றேன். சிமெண்டுத் தரையில் காய்ந்திருந்த வெண்படலம், அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கி, கோடுகோடாக ஓடத் தொடங்கியது. ஒரு பகுதி கேட்டுக்கு அடியில் புகுந்து தெருவிலுள்ள மழைநீர் வடிகாலுக்குப் போயிற்று. மறு பகுதி சந்தின் கடைசியில், தரைமட்டத்தில் கட்டியிருந்த அல்லித் தொட்டிக்குள் இறங்கி, அது நிரம்பியதும் வழிந்து மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் விழுந்தது. மறுநாள் காலை, கொசுப்புழுவைத் தின்பதற்காக அத்தொட்டியில் விட்டிருந்த கப்பி மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன. அந்த வீட்டு அம்மா எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “மழை பெஞ்சா மருந்து போயிடும்னு தெரியும், எங்க போகும்னு நான் யோசிச்சதே இல்லை” என்று மட்டும் சொன்னார். இத்தனை ஆண்டுகள் இதே தொழிலில் இருக்கும் நாங்கள் அதை யோசித்திருக்க வேண்டும்.

இன்று வீடுகளுக்கு வெளியே அடிக்கப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பைஃபென்த்ரின் போன்ற பைரித்ராய்டு குடும்பத்தைச் சேர்ந்தவை. எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸிலும் பெரும்பாலும் இதே குடும்ப மருந்துதான் இருக்கிறது. மனிதருக்கும் பறவைக்கும் இவற்றால் வரும் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு என்பதால்தான் இவை வீட்டுக்கு ஏற்றவை என்று பெயர் பெற்றன. ஆனால் மீனுக்கும், இறால், நண்டு, தட்டான் குஞ்சு போன்ற கணுக்காலிகளுக்கும் இவை கடும் நஞ்சு. கரப்பானின் நரம்பை எந்த வழியில் தாக்குகிறதோ அதே வழியில்தான் இறாலின் நரம்பையும் இம்மருந்து தாக்குகிறது; தரையில் ஓடுவது கரப்பான், தண்ணீரில் நீந்துவது இறால் என்ற பேதம் அதற்குத் தெரியாது.

இம்மருந்துகள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. அப்படியானால் மழை எப்படி இழுத்துச் செல்லும் என்று நீங்கள் கேட்கலாம். அவை தூசியையும் மண் துகளையும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. மழைநீர் அந்தத் தூசியைச் சுமந்து ஓடுகிறது. மண் தரையில் விழுந்த மருந்தில் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டி அங்கேயே மெல்லச் சிதைந்துவிடும். சிமெண்டுத் தரையிலோ டைல்ஸிலோ அதற்குப் போக்கிடம் இல்லை. அடித்த பின் பெய்யும் முதல் மழைதான் அதிகம் அள்ளிச் செல்கிறது. ஆனால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கிய மிச்சம் வாரங்கள், மாதங்கள் கழித்துப் பெய்யும் மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருகிறது.

இதை முதலில் தெளிவாகக் கண்டறிந்த இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா. அங்கே குளோர்பைரிபாஸ், டயசினான் ஆகிய பழைய பூச்சிமருந்துகளின் வீட்டு உபயோகம் 2000-க்குப் பின் படிப்படியாக நிறுத்தப்பட்டபோது அந்த இடத்தைப் பைரித்ராய்டுகள் பிடித்தன. சாக்ரமென்டோ நகரை அடுத்த ரோஸ்வில் என்னும் புறநகரில், வயலே இல்லாத குடியிருப்புப் பகுதி ஓடைகளின் சேற்றை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். சேற்றில் வாழும், இறாலை ஒத்த சிற்றுயிர்கள் பிழைக்க முடியாத அளவுக்கு அதில் பைரித்ராய்டு இருந்தது, குறிப்பாக பைஃபென்த்ரின். பூச்சிமருந்து என்றாலே வயலைத்தான் நினைப்போம். இங்கே அது வந்தது வீட்டு முற்றங்களிலிருந்து. 2012-இல் அம்மாநிலம் எங்களைப் போன்ற தொழில்முறை நிறுவனங்களுக்கு விதி வகுத்தது: மழை பெய்யும்போது வெளியே அடிக்கக் கூடாது, சிமெண்டுத் தரையில் பரவலாகத் தெளிக்காமல் சிறு சிறு இடங்களிலும், வெடிப்பிலும் இடுக்கிலும், அல்லது ஓர் அங்குலத்துக்கு மிகாத கோடாகவும் மட்டுமே இட வேண்டும், சுவரில் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் போகக் கூடாது.

எவ்வளவு மருந்து தீங்கு செய்யும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். பைஃபென்த்ரின் ஒரு லிட்டர் நீரில் சில நானோகிராம் இருந்தாலே அச்சிற்றுயிர்கள் மடிகின்றன. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. உங்கள் வீட்டைச் சுற்றி அடிக்கும் கரைசலில் அசல் மருந்து ஒரே ஒரு கிராம் என்றும், அதில் நூற்றில் ஒரு பங்கை மட்டுமே மழை கழுவியது என்றும் வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து மில்லிகிராம், லிட்டருக்குப் பத்து நானோகிராம் வீதம் 10 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கப் போதும். அது 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் எண்பதுக்கும் மேல்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? தெருவின் மழைநீர் வடிகால் சாக்கடைக் குழாய் அன்று. அதற்குச் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. நம் பகுதியில் அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து முட்டுக்காட்டுப் பக்கம் கடலை அடைகிறது. 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலத்தின் சேற்றில்தான் மருந்து ஒட்டிய தூசி படிகிறது. அங்கு இரை தேடும் பறவைகளுக்கு நேரடி நஞ்சாக இல்லாவிட்டாலும், அவை தின்னும் புழுவும் பூச்சியும் குறைந்தால் அவற்றுக்கு அங்கே என்ன இருக்கிறது?

இன்னொரு வழி உங்கள் வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் இறங்கும். அது உங்கள் கிணற்றுக்கோ குழிக்கோ போகிறது, சில வீடுகளில் நேரே சம்ப்புக்கும் போகிறது. குழியிலுள்ள மணலும் கூழாங்கல்லும் பைரித்ராய்டை ஓரளவு பிடித்து நிறுத்தும். கரையானுக்குப் பயன்படும் இமிடாகுளோபிரிட் அப்படியன்று. தண்ணீரில் நன்றாகக் கரைந்து மண்ணைக் கடந்து செல்லக் கூடியது. எனவே கிணற்றை ஒட்டிய பக்கத்தில் துளையிட்டுக் கரையான் மருந்து செலுத்துவதை எந்த மாதத்திலும் செய்யமாட்டோம்.

மாற்றாக என்ன செய்வோம் என்றால், எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்து அது புறப்படும் இடத்தைக் கண்டுபிடித்து, மழை படாத இடுக்கில் இரை மருந்து வைப்போம். தெளிப்பைவிட இது மெதுவானது. சில நாள்கள் வரை எறும்பு கண்ணில் படும், ஆனால் மருந்து புற்றுக்குள் இருக்கும் ராணி வரை போய்ச் சேர்கிறது. கரப்பானுக்கு உள்ளே ஜெல் பொட்டுகள் போதும். மரவட்டைக்கு மருந்தே தேவையில்லை. சுவரோரம் அழுகும் சருகை அகற்றி, கதவின் கீழ் இடைவெளியை அடைத்தால் நின்றுவிடும். ஈசல் வரும் மாலைகளில் வாசல் விளக்கை ஒரு மணி நேரம் அணைத்துவிடுங்கள். தேங்கிய நீரில் கொசுப்புழுவுக்கு, மீனைக் கொல்லாத பி.டி.ஐ. என்னும் நுண்ணுயிர் மருந்தை இடுவோம். பம்பு கழுவிய நீரை இனி உங்கள் வாசலில் கொட்டமாட்டோம். அது அடுத்த கரைசலில் சேரும்.

சுவர் நனைந்தால்தான் வேலை நடந்தது என்று பல வாடிக்கையாளர்கள் கருதுவதை நாங்கள் அறிவோம். அந்த எண்ணத்தை வளர்த்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஈரச் சுவரைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது எங்களுக்கும் எளிதாக இருந்தது. டார்ச் விளக்கோடு முழங்காலிட்டு இடுக்குகளைத் தேடும் வேலைக்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆனாலும் ஒப்பந்தத் தொகையில் மாற்றம் இல்லை. விடுபடும் வெளிப்புறப் பணியை, தேவைப்படும் வீடுகளுக்கு மட்டும், பொங்கலுக்குப் பிறகு மழையற்ற நாளில் செய்து தருவோம்.

எங்கள் பணியாளர் முதல்முறை வரும் முன், உங்கள் மழைநீர்க் குழி, கிணறு, சம்ப்பு மூடி ஆகியவை எந்தெந்த மூலையில் இருக்கின்றன என்பதையும், மாடிக் குழாய் எதில் போய் இறங்குகிறது என்பதையும் ஒரு தாளில் வரைந்து அவரிடம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளர்