கூட்டமாக வாங்கு, சுடலை

அன்புள்ள சுடலை,

உன் கடிதமும் தொட்டியின் படமும் வந்தன. மூட்டுவலி குறைந்து தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். சின்னவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. ஆவணியில் பெண் பார்க்கத் தொடங்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சரி, பேத்தியின் மீன்தொட்டிக்கு வருகிறேன். நியானில் இரண்டு, டைகர் பார்பில் இரண்டு, ஏஞ்சலில் இரண்டு என்று விட்டிருக்கிறாய். நியான் இரண்டும் ஃபில்டருக்குப் பின்னாலேயே கிடக்கின்றன, டைகர் பார்ப் ஏஞ்சலின் துடுப்பைக் கடிக்கிறது, என்ன நோய் என்று கேட்டிருக்கிறாய். நோய் எதுவும் இல்லை. இவற்றுக்கு ஜோடிக் கணக்கு ஒத்துவராது, அவ்வளவுதான்.

நியானும் டைகர் பார்பும் கூட்டமாகவே வாழ்கிற மீன்கள். பெரிய மீன் துரத்தும்போது, இத்தனை பேரில் யாரைப் பிடிப்பது என்று அது தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் சின்ன மீனுக்குப் பாதுகாப்பு. இரண்டே இரண்டாக விட்டால் நாள் முழுக்கப் பயத்திலேயே கிடக்கும், நிறம் வெளுக்கும், தீனி எடுக்காது. டைகர் பார்ப் எட்டு, பத்து இருந்தால் தங்களுக்குள்ளேயே முட்டிமோதிக்கொண்டு திரியும், அடுத்த மீனை அவ்வளவாகச் சீண்டாது. ஆனாலும் ஏஞ்சலோடு வேண்டாம். ஏஞ்சல் வளர்ந்தபிறகு நியானையே விழுங்கிவிடும். டைகர் பார்ப், ஏஞ்சல் நான்கையும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

உன் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறக்குறைய 50 லிட்டர். அதற்கு ஒரே இனத்தில் பத்துப் பன்னிரண்டு மீன் போதும். நான் கார்டினல் டெட்ராவைத்தான் சொல்வேன். நியானுக்குச் சிவப்பு பாதி உடம்போடு நின்றுவிடும். கார்டினலுக்குத் தலை முதல் வால் வரை ஓடும். நியானைவிடச் சூடும் தாங்கும், 28 டிகிரி வரை கவலையில்லை. பாளையங்கோட்டை வெயிலுக்கு அதுதான் சரி. உன் குழாயில் தாமிரபரணி வருவதும் நல்லதாகப் போயிற்று. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், ஆர்.ஓ. தண்ணீர் கலந்துதான் ஓட்டுகிறேன்.

கார்டினலின் சொந்த ஊர் பிரேசிலின் ரியோ நெக்ரோ. இலைதழை ஊறி, பால் விடாத டீயின் நிறத்தில் ஓடுகிற ஆறு. அதன் கரையில் பார்செலோஸ் என்றொரு ஊர். அங்கே பல குடும்பங்களுக்கு இந்த மீனைக் கைவலையில் பிடித்து விற்பதுதான் பிழைப்பு. மீன் வேண்டுமானால் காடு நிற்கவேண்டும், அதனால் மரத்தை வெட்டாமல் இருக்க அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. இதைப் பேத்திக்குக் கட்டாயம் சொல்.

உன் கடைக்காரர் மிஸ் கேரளா நான்கு தருகிறேன் என்றாராமே, வாங்காதே. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மட்டுமே இருக்கிற மீன் அது, அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. ஓரடியில் பாதி நீளம் வளர்ந்து, சரசரவென்று ஓடித் திரிவது. அதை இரண்டடித் தொட்டியில் அடைப்பதை என்னால் ஏற்க முடியாது.

கூட்ட மீன் என்றதும் எந்நேரமும் ஒட்டிக்கொண்டே சுற்றும் என்று நினைத்துவிடாதே. வாங்கிவந்த புதிதில் அப்படித்தான் இருக்கும், பார்க்கவும் அழகுதான். ஆனால் அது பயம். பழகியபிறகு கலைந்து நிற்கும். ஒன்று செடி இலையைக் கொத்தும், இரண்டு அடியில் மேயும், இன்னொன்று கண்ணாடியருகே வந்து உன் விரலைப் பார்க்கும். கதவு டமால் என்று சாத்தினால் நொடியில் ஒன்றுகூடி, எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். இதற்குக் கண் மட்டும் காரணமில்லை. உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோடு, பக்கத்து மீன் வாலை அசைப்பதைத் தண்ணீரின் அழுத்தத்திலேயே அறிந்துவிடும். 1976-ல் ஒரு கடல்மீனின் கண்களை மூடிவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அது கூட்டத்தைவிட்டு விலகாமல் நீந்தியது. கூட்டம் தளர்ந்து நிற்பதைப் பார்க்கத்தான் நான் தினமும் சாயங்காலம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன்.

இரவில் விளக்கை அணைத்தால் நீலக்கோடு மங்கி, மீன் சாம்பல் பூத்துவிடும். காலையில் மெல்லத் திரும்பிவரும். பேத்தி அழுதுவிடப் போகிறாள், முன்னாலேயே சொல்லிவை.

இப்போது புது மீன் எதுவும் வாங்காதே. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை நியான் இரண்டுக்கும் தீனியைச் சிட்டிகையிலும் பாதி போடு. பிடித்து ஒருநாள் வைத்த தண்ணீரால் வாரம் இரண்டு முறை கால்வாசி மாற்று. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதே, குளோரினில் பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசு.

மார்கழியில் ஊருக்கு வருகிறேன். இங்கே சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளில் நன்றாகத் தீனி எடுக்கிற கார்டினலாகப் பார்த்து வாங்கி, ஆக்சிஜன் அடைத்த பையில் நெல்லை எக்ஸ்பிரஸில் கொண்டுவருகிறேன். ஓர் இரவு தாராளமாகத் தாங்கும். உன் நியான் இரண்டும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். மதினியைக் கேட்டதாகச் சொல். தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து உடனே தள்ளி வை.

அன்புடன்,
ராமசுப்பு