கால் சூடாக இருந்தால் ரத்த ஓட்டம் சரி என்று நினைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோயும் கால் புண்ணும் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் நரம்பு கெட்டு வலி தெரியாமல் போவது ஒன்று, ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது இன்னொன்று என்று இரண்டையும் சம்பந்தமே இல்லாத மாதிரி தனித்தனியாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். தோலில் இருக்கிற பொடிப்பொடி ரத்தக் குழாய்களைச் சுருங்கவும் விரியவும் வைப்பதில் பெரும்பங்கு நரம்புக்குத்தான். அந்த நரம்பு கெட்டுப்போனால், பெரிய குழாயில் எந்த அடைப்பும் இல்லாத காலில்கூட தோலுக்குள் ரத்தம் தாறுமாறாகத்தான் ஓடும். மதுரையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். இந்த விஷயம் விடுபட்டுப் போனதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனசு வரவில்லை.

கட்டுப் போட வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "சிஸ்டர், கால் நல்லா சூடாத்தான் இருக்கு, டாக்டரும் நாடி பார்த்துட்டு நல்லா துடிக்குதுன்னுதான் சொன்னார், அப்புறம் ஏன் புண்ணு ஆறவே மாட்டேங்குது?" நியாயமான கேள்வி. உள்ளங்கால், உள்ளங்கை, விரல் நுனி ஆகிய இடங்களில் தோலுக்கு அடியில் குறுக்குக் குழாய்கள் உண்டு. தமனியில் வரும் ரத்தம் தந்துகி என்கிற மயிரிழைக் குழாய்க்குள் நுழையாமல் நேரே சிரைக்குப் போய்விட அவை வழி விடும். உடம்புச் சூட்டை வெளியே தள்ளுவதற்காக அமைந்தவை அவை. தேவையில்லாத நேரத்தில் பரிவு நரம்புகள் (நாம் நினைக்காமலே தாமாக வேலை செய்கிற நரம்புகளில் ஒரு வகை) அவற்றை இறுக்கி மூடி வைத்திருக்கும். சர்க்கரையால் இந்த நரம்புகள் செயலிழந்தால் அந்தக் குறுக்கு வழி திறந்தபடியே கிடக்கும். கால் கதகதப்பாக இருக்கும், படுத்திருக்கும்போதுகூட புறங்காலில் பச்சைக் குழாய்கள் புடைத்துத் தெரியும், கணுக்காலில் நாடியும் கிடைக்கும். ஆனால் தோலுக்கு ஆக்சிஜனும் சத்தும் கொடுக்க வேண்டியது தந்துகி. அதைத் தாண்டி ஓடிப்போகிற ரத்தத்தால் புண்ணுக்கு என்ன லாபம்? கால் சூடாக இருப்பதை வைத்து மட்டும் அதை நல்ல கால் என்று சொல்லிவிட முடியாது.

இதோடு இன்னொன்றும் உண்டு. முன்கையில் நகத்தால் கொஞ்சம் அழுத்தி ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். முதலில் அந்தக் கோடு சிவக்கும், கொஞ்ச நேரத்தில் கோட்டைச் சுற்றியும் சிவப்பு பரவும், கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாவிட்டாலும் தொட்டால் சூடு தெரியும். லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் இதை 1920களிலேயே விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அப்படிப் பரவும் சிவப்பு நரம்பின் வேலை. வலியையும் சூட்டையும் உணர்கிற மிக மெல்லிய நரம்பிழைகள், 'சி' இழைகள் என்பார்கள், தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புவதோடு நிற்பதில்லை. தம்முடைய பக்கக் கிளைகள் வழியாகவே திரும்பி வந்து, தோலில் சில ரசாயனங்களைச் சுரந்து, அக்கம்பக்கத்துச் சின்னக் குழாய்களைத் திறந்துவிடுகின்றன. ஒரு முள் குத்தினால் அந்த இடத்துக்கு ரத்தம் பாய்ந்து வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நரம்பு பாதித்த காலில் இந்தச் சிவப்பு சுருங்கிப்போகும், சில பேருக்கு வரவே வராது. அதனால் காயம் பட்டது வலிக்காது என்பதோடு, ஆறுவதற்கு வர வேண்டிய ரத்தமும் போதுமான அளவு வராது. உள்ளே சீழ் பிடித்தால்கூட வெளியே சிவப்போ வலியோ அவ்வளவாகக் காட்டாது. அதனால்தான் நாற்றம் வந்த பிறகு ஓடி வருகிறார்கள். அவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

நிற்கும்போது காலில் இறங்கும் அழுத்தத்தைத் தாங்க நல்ல காலின் சின்னத் தமனிகள் தாமாகச் சுருங்கும், நரம்பு கெட்ட காலில் அதுவும் குறைந்துவிடும். சாயங்காலம் கால் வீங்குவதற்கு அது ஒரு காரணம். (இதயம், சிறுநீரகம் என்று வேறு காரணங்களும் உண்டு, அதையும் பார்த்துவிட வேண்டும்.) அப்படிக் கூடும் அழுத்தம், ஏற்கெனவே சர்க்கரையால் சுவர் தடித்துப்போன தந்துகி மேல்தான் விழுகிறது. வியர்வையும் இதே பரிவு நரம்பைச் சேர்ந்ததுதான். அது நின்றுபோனால் தோல் காய்ந்து பித்தவெடிப்பு வரும், வெடிப்பு வழியாகக் கிருமி போகும். நரம்புக்கும் சோறு போடுவது மிகச் சின்ன ரத்தக் குழாய்கள்தான், சர்க்கரை அவற்றையும் கெடுக்கிறது. குழாய் கெட்டு நரம்பு கெடுகிறது, நரம்பு கெட்டுக் குழாய் இன்னும் கெடுகிறது.

இதை இப்போது எழுதுவதற்கு நம் ஊர் வெயில்தான் காரணம். சித்திரைத் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டு எத்தனை பேர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள்! அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியுமுன் போய்விடுகிறார்கள், அப்போது தரை குளிர்ந்திருக்கும். திரும்பும்போது வெயில் ஏறிவிடும், தார் ரோட்டிலும் கல் பாவிய தெருவிலும் வெறுங்காலோடு வர வேண்டியிருக்கும். நல்ல கால் என்றால் சுட்டதும் துள்ளி நிழலுக்கு ஓடும். அதோடு, தோல் சூடானவுடன் சின்னக் குழாய்கள் விரிந்து, ஓடுகிற ரத்தம் கொஞ்சம் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். முதல் சில நிமிஷத்தில் அப்படி விரிய வைப்பது நான் மேலே சொன்ன அதே மெல்லிய நரம்பிழைகள்தான். நரம்பு போனவருக்கு இரண்டுமே இல்லை. சுடுவதும் தெரியாது, சூட்டை எடுத்துப்போக ரத்தமும் உடனே வராது. அதனால் பக்கத்தில் நடந்தவருக்கு வெறும் எரிச்சலோடு போனது, இவருக்கு உள்ளங்கால் முழுக்கக் கொப்புளமாகி நிற்கும். வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போது தோல் உரிந்து வருவதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று சொன்னவர்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். கால் எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, மார்கழிக் குளிரில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவது, பைக் சைலன்சரில் கால் படுவது எல்லாம் இதே வகைதான். தண்ணீர் 60 டிகிரி இருந்தால் நல்ல தோலே சில விநாடியில் வெந்துவிடும்.

நேர்த்திக்கடனை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் கால் மரத்துப்போன சர்க்கரைக்காரர்கள் வெறுங்கால் நடையை மட்டும் தவிர்க்க வேண்டும். கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய் வாருங்கள், அல்லது தரை ஆறிய பிறகு போங்கள். செருப்பைக் கடைசி அடி வரைக்கும் போட்டுப் போய், வாசலில் கழற்றுங்கள். விழா நடத்துகிறவர்கள், மாநகராட்சி, கோயில் நிர்வாகம் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன், மக்கள் நடக்கிற வழி நெடுக நனைத்த சாக்கு விரிப்பும் தண்ணீர் தெளிப்பும் போதுமான அளவு இருக்கட்டும்.

சரி, கால் மரத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆஸ்பத்திரியில் 10 கிராம் அழுத்தம் கொடுக்கிற நைலான் இழையால் குத்திப் பார்ப்பார்கள், தட்டினால் அதிர்கிற உலோகக் கவையை எலும்பின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். வீட்டிலேயே செய்ய ஒரு வழி உண்டு, இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் வகுத்தது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவும் கூடாது, தடவவும் கூடாது, ஒரு விரலை ஒரு தடவைக்கு மேல் தொடவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அது ஆபத்தான கால், டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆறும் தெரிந்துவிட்டால் நிம்மதி என்றும் இருந்துவிட முடியாது, ஏனென்றால் இந்தச் சோதனைகள் எல்லாம் தடித்த நரம்பிழைகளைத்தான் பார்க்கின்றன, தோலின் ரத்தக் குழாய்களை ஆளுகிற மெல்லிய இழைகள் அதற்கு முன்பே கெட்டிருக்கலாம். ராத்திரியில் உள்ளங்கால் எரிவது, பாதம் வியர்க்காமல் காய்ந்து கிடப்பது, சூடு குளிர்ச்சி வித்தியாசம் தெரியாதது, இதெல்லாம் அதற்கு அறிகுறிகள். ரொம்ப நாளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்தும் இப்படி ஆகலாம், கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு கால் மட்டும் திடீரென்று மற்றதைவிடச் சூடாகி வீங்கினால், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே போய்க் காட்டுங்கள். எலும்பும் மூட்டும் நொறுங்க ஆரம்பிக்கிற நிலையாக இருக்கலாம், அதற்குமேல் அந்தக் காலை ஊன்றவே கூடாது.

மரத்த காலைக் காப்பாற்றும் வித்தையில் நம் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூரில் தொழுநோயாளிகளுக்கு வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட், அங்கே கற்றதைப் பிறகு அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பயன்படுத்தினார். இன்றைக்கு நம் ஊரில் கிடைக்கிற எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பும் தொழுநோயாளிகளின் காலுக்காகப் பழக்கத்துக்கு வந்ததுதான். அதைப் போட்டுக்கொள்ளக் கூச்சப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து கூச்சப்படாதீர்கள்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்க வரும் ஊழியர் ஒவ்வொரு முறையும் அந்த ஆறு விரல்களையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனால் எத்தனையோ கால்கள் தப்பும், அதற்கு ஒரு நிமிஷம் போதும், கருவி எதுவும் வேண்டாம். கொடியேற்றத்துக்கு முந்தைய இதழில் அந்த விரல் சோதனையை மட்டும் படத்தோடு ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள் ஐயா, பெரிய எழுத்தில்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருப்பரங்குன்றம், மதுரை.